மாமி வீடா, விடுதியா? மெல்பேர்ன் போகும் பிள்ளையின் முதல் வருடம்

என் அக்காவின் மகளுக்கு மெல்பேர்னில், மொனாஷ் பல்கலைக்கழகத்தின் கிளேட்டன் வளாகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. கடிதம் வந்த அன்று கொழும்பு வெள்ளவத்தையில் உள்ள எங்கள் தொடர்மாடிக்கு லட்டுப் பெட்டியோடு வந்தார்கள். மூன்றாம் நாள் அதே மேசையைச் சுற்றியிருந்து சண்டை. பிள்ளை அங்கே எங்கே தங்குவது என்பதுதான் வழக்கு.

அத்தானின் தங்கை மெல்பேர்னிலேயே டார்னீட் என்ற இடத்தில் இருக்கிறார். சொந்த வீடு, மேல்மாடியில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. சொந்த மாமி இருக்கப் பிள்ளையை வாடகை அறையில் விட்டால் நாளைக்குத் தங்கையின் முகத்தில் எப்படி முழிப்பது என்பது அத்தானின் பக்கம். பிள்ளை விடுதிக்குத்தான் போவேன் என்கிறாள். அறையின் படத்தைக்கூட இணையத்தில் பார்த்து வைத்திருக்கிறாள். அவளோடு டியூஷன் வகுப்பில் படித்த மூன்று பெண்களும் அதே ஆண்டில் போகிறார்கள். நால்வரும் சேர்ந்து ஒரு வீடு எடுக்கலாம் என்று அவர்கள் வட்ஸ்அப்பில் குழுவும் தொடங்கிவிட்டார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அக்கா கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்: "எங்கே விட்டால் அழமாட்டாள்?"

எங்கே விட்டாலும் அழுவாள் என்றேன். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் இந்த விஷயத்தில் வாய் திறக்க எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. 2007 முதல் 2010 வரை லண்டனில் படித்த மூன்று வருடங்களில் உறவினர் வீடு, பல்கலைக்கழக விடுதி, தமிழ்ப் பெண்கள் சேர்ந்து எடுத்த வாடகை வீடு என மூன்றிலும் இருந்து பார்த்தவள் நான். மூன்றிலும் அழுதேன். அழுகையின் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. நான் அழுகிறேன் என்பது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியவர எத்தனை நாள் எடுத்தது என்பதில்தான் வித்தியாசம். ஆகவே என் அளவுகோல் இது: பிள்ளை இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வராவிட்டால் யார் வந்து கதவைத் தட்டுவார்கள்? வாடகை, தூரம், சாப்பாடு எல்லாவற்றையும் இந்தக் கேள்விக்குப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கிறேன்.

எப்போது வரும் இந்த நோய்?

ஊர் நினைவை நாங்கள் நோயாக எண்ணுவதில்லை. "கொஞ்ச நாளில் பழகிவிடும்" என்று சொல்லி, பைக்குள் பருத்தித்துறை வடையை வைத்து அனுப்பிவிடுவோம். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் இதை நோயென்றே பதிந்தார்கள். 1688இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஜொஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் தம் ஆய்வேட்டில் இதற்கு 'நொஸ்டால்ஜியா' என்று பெயர் வைத்தார். அவர் குறித்துவைத்த நோயாளிகளில் ஒருவர், பேர்ண் நகரிலிருந்து பாசலுக்குப் படிக்க வந்த இளைஞர். துக்கம், காய்ச்சல், நெஞ்சுப் படபடப்பு. இனிப் பிழைக்கமாட்டார் என்று நினைத்து ஊருக்கு அனுப்ப, வழியிலேயே தேறத் தொடங்கிவிட்டாராம். பேர்ணுக்கும் பாசலுக்கும் இடையே உள்ள தூரம் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே உள்ளதைவிடக் குறைவு. எழுபதுகளில் யாழ்தேவி ரயிலில் வந்து இறங்கி, கொழும்பில் போர்டிங்கில் தங்கிப் படித்தவர் எங்கள் அம்மா. இந்தக் கதையைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. "ஊரிலிருந்து கடிதம் வந்தால் எனக்கும் காய்ச்சல் விட்டுவிடும்" என்றார்.

கல்வி முகவர்கள் வேறொரு கணக்குச் சொல்வார்கள். முதலில் எல்லாம் புதுமையாக இருக்கும், சில மாதம் கழித்துத்தான் மனம் சோரும், பிறகு நிமிர்ந்துவிடும் என்பார்கள். இந்தக் கணக்கின் மூலம் பழையது. நோர்வேயைச் சேர்ந்த ஸ்வெர்ரே லிஸ்கார்ட், அமெரிக்காவில் தங்கித் திரும்பிய தம் நாட்டுப் புலமைப்பரிசில்காரர்களை விசாரித்து 1955இல் எழுதியது. ஆறு மாதத்துக்கும் பதினெட்டு மாதத்துக்கும் இடையில் தங்கியவர்களே அதிகம் சோர்ந்திருந்தார்கள் என்று கண்டார். ஆனால் நியூசிலாந்துக்குப் படிக்கப் போன ஜப்பானிய மாணவர்களைக் கொலின் வார்டும் அவருடைய சகாக்களும் வந்த நாளிலிருந்து தொடர்ந்து கவனித்தபோது கதை மாறியது. 1998இல் வெளிவந்த அந்த ஆய்வில், வந்து இறங்கிய நாட்களில்தான் வருத்தம் உச்சம். பிறகு மெல்ல இறங்குகிறது.

என் அனுபவம் வார்டின் பக்கம். ஹீத்ரோவில் இறங்கிய நான்காம் நாள் மாலை, பஸ் தரிப்பில் நின்றபோது, கொழும்பின் காலி வீதியில் ஓடும் 101ஆம் இலக்க பஸ்ஸின் நடத்துநர் "கொட்டுவ, கொட்டுவ" என்று கோட்டைக்கு ஆள் கூப்பிட்டுக் கத்தும் குரல் காதில் கேட்டது. கேட்டது என்று சொன்னால் கேட்டதுதான். வீட்டாரின் குரல்கூட இல்லை, பஸ் நடத்துநரின் குரல்! அதற்குப் போய் அழுதேன். ஆகவே, "முதலில் எங்காவது இறங்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. இறங்கும் இடமே பெரிய விஷயம்.

மாமி வீடு

முதலில் இதன் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அவுஸ்திரேலிய மாணவர் விசாவுக்கு ஒரு வருட வாழ்க்கைச் செலவாகக் காட்டவேண்டிய தொகை 2024 மே மாதத்தில் 29,710 டொலராக உயர்ந்தது. கட்டணமும் பயணச்செலவும் அதற்கு வெளியே. எங்கள் ரூபாயில் அதைப் பெருக்கிப் பார்த்த இரவு அத்தான் தூங்கவில்லை. வாடகையும் சாப்பாடும் மிச்சம் என்றால் அது சின்ன விஷயம் இல்லை. காய்ச்சல் வந்தால் கொத்தமல்லி அவித்துக் கொடுக்க ஆள் இருக்கிறது. பிள்ளையை இரவில் தேட ஆள் இருக்கிறது. என் அளவுகோலின்படி பார்த்தால் மாமி வீடு முதற்பரிசு வாங்க வேண்டும்: இரண்டு நாள் எங்கே, இரண்டு மணி நேரத்திலேயே கதவைத் தட்டிவிடுவார்கள்.

தட்டுவார்கள்தான். ஆனால் அந்தக் கதவைத் திறக்கும்போது நாம் சிரித்துக்கொண்டு திறக்க வேண்டும். இதுதான் எனக்குப் பிந்தித் தெரிந்தது.

நான் இருந்தது வடமேற்கு லண்டனின் ஹரோவில், சித்தப்பா வீட்டில். படித்தது தென்கிழக்கு லண்டனில். ஒரு பக்கம் ஒன்றரை மணி நேரப் பயணம். இரவு ஒன்பதரைக்கு நான் வரும்போது சின்னம்மா அடுப்படி விளக்கை மட்டும் எரியவிட்டிருப்பார். மேசையில் ஒரு தட்டு, அதன்மேல் கவிழ்த்த இன்னொரு தட்டு. புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, பொரித்த மிளகாய் இரண்டு. அவர் அதிகாலை ஐந்து மணிக்கு வேலைக்கு எழும்புகிறவர்; இருந்தும் நான் சாப்பிட்டு முடியும்வரை வரவேற்பறைச் சோபாவில் முழித்திருப்பார். என்னை ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. ஒரு சொல் சொல்லியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். நூலகம் எட்டு மணிவரை திறந்திருந்தாலும் ஆறு மணிக்கே ஓடிவந்தேன், அந்தச் சோபாவை நினைத்து. வகுப்பில் புதிதாகப் பழகியவர்கள் விரிவுரை முடிந்து தேநீர் குடிக்கக் கூப்பிட்டபோதும் ஓடிவந்தேன். மூன்றாவது அழைப்புக்குப் பிறகு அவர்கள் கூப்பிடவில்லை.

அழுவதற்கும் அந்த வீட்டில் இடமில்லை. ஒரு நாள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்ததைச் சின்னம்மா பார்த்துவிட்டார். அடுத்த அரை மணி நேரத்தில் வெள்ளவத்தையிலிருந்து அம்மாவின் அழைப்பு: "அங்கே உனக்கு என்ன குறை? அவர்கள் என்ன நினைப்பார்கள்?" உறவினர் வீட்டில் ஊர் நினைவு நன்றிகெட்டதனம் போலத் தெரியும். குறை இல்லாத வீட்டில் அழுகிறவளுக்குப் பதில் சொல்ல வாய் இல்லை. அன்றிலிருந்து டிசம்பர்வரை சிரித்தேன். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சொன்ன முன்னோர், விருந்தாளியின் பக்கமிருந்தும் யோசித்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

டார்னீட் மெல்பேர்ன் நகரின் மேற்குப் புறம். கிளேட்டன் தென்கிழக்குப் புறம். இடையில் ஐம்பது கிலோமீற்றர் அளவில் வரும். ரயிலில் வந்து, நடுவழியில் இன்னொரு ரயில் மாறி, ஹண்டிங்டேலில் இறங்கி, வளாகத்துக்கு பஸ் ஏற வேண்டும். கதவிலிருந்து கதவுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. வெள்ளவத்தையிலிருந்து தினமும் நீர்கொழும்புக்குப் போய்ப் படித்துவிட்டு வருவது போல. மாமியின் வீடு டண்டினோங்கிலோ ஸ்பிரிங்வேலிலோ இருந்திருந்தால் என் தீர்ப்பு தடுமாறியிருக்கும். அவை வளாகத்துக்குப் பக்கம். டார்னீட் என்றால் இல்லை.

விடுதி, ஆனால் எந்த விடுதி?

விடுதி என்று எல்லாவற்றையும் ஒரே சொல்லால் சொல்வதில்தான் பெற்றோர் ஏமாறுகிறார்கள். மூன்று வகை உண்டு. சாப்பாட்டுக்கூடத்தோடு வருவது ஒன்று. ஏழெட்டு அறைகளுக்கு ஒரு பொதுச் சமையலறை என்பது இன்னொன்று. அடுப்பும் குளியலறையும் அறைக்குள்ளேயே உள்ள தனி அறை மூன்றாவது, 'ஸ்டூடியோ' என்பார்கள். எங்கள் பிள்ளை படம் பார்த்து மயங்கியது இந்த மூன்றாவதில். வெள்ளைச் சுவர், பெரிய ஜன்னல், சின்னதாய் ஓர் அடுப்பு. பெற்றோருக்கும் அதுதான் பிடிக்கும்: சுத்தம், பாதுகாப்பு, யாரோடும் குளியலறையைப் பகிர வேண்டாம். என்னைக் கேட்டால் பதினெட்டு, பத்தொன்பது வயதில் முதன்முதலாக வீட்டைவிட்டுப் போகிற பிள்ளைக்கு அதைப்போல ஆபத்தான அறை வேறில்லை. ஒரு வாரம் ஒருவரையும் பார்க்காமல் அதற்குள் வாழலாம். யாருக்கும் தெரியாது.

நான் 2008 ஜனவரியில் பொதுச் சமையலறை விடுதிக்கு மாறினேன். எட்டு அறைகளுக்கு ஒரு சமையலறை. குளிர்சாதனப் பெட்டியில் ஆளுக்கொரு தட்டு, அலுமாரியில் ஆளுக்கொரு கதவு. முதல் பத்து நாளும் எல்லோரும் தூங்கிய பிறகு போய், நூடில்ஸ் அவித்து, அறைக்குள் கொண்டுபோய்ச் சாப்பிட்டேன். பதினோராம் நாள் சம்பல் ஆசை வந்தது. தேங்காய் இல்லை, திருவலை இல்லை. கடையில் வாங்கிய உலர்ந்த தேங்காய்ப்பூவில் வெந்நீர் தெளித்து ஊறவைத்தேன். செத்தல் மிளகாயை வெறும் சட்டியில் வறுத்து, உரலுக்குப் பதிலாகத் தேநீர்க் கோப்பையின் அடியால் இடிக்கலாம் என்று எண்ணம். மிளகாய் ஒரு கணம் அதிகமாகக் கருகியது. நெடி எழும்பிற்று, கூரையில் இருந்த புகை மணி அலறத் தொடங்கியது. இரவு பதினொன்றரைக்கு முழுக் கட்டடமும் படுக்கை உடையோடு வாகனத் தரிப்பிடத்தில் குளிரில் நின்றது. நான் கையில் சம்பல் கிண்ணத்தோடு நின்றேன்; ஏன் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினேன் என்று இன்றுவரை தெரியாது. பக்கத்து அறையில் இருந்த கிரேக்கப் பெண் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தாள். "இதற்காகவா எங்களை எழுப்பினாய்?" என்று கேட்டு, விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. மறுநாள் பாணோடு வந்து நின்றாள்.

மார்ச் மாதத்தில் எனக்கு மிக மோசமான இரண்டு நாட்கள் வந்தன. காரணம் என்று ஒன்றும் இல்லை. அம்மம்மாவின் திவசம் அந்த வாரம், அவ்வளவுதான். அறைக்குள் கிடந்தேன். மூன்றாம் நாள் காலை அதே கிரேக்கப் பெண்தான் கதவைத் தட்டினாள். "உன் தட்டில் இருக்கிற பால் திறக்கப்படாமலே புளித்துவிட்டது, நீ உயிரோடு இருக்கிறாயா?" என்று கேட்டாள். ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்லவில்லை. நானும் சிரித்துக்கொண்டு கதவைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. எட்டுப் பேருக்கு ஒரு குளிர்சாதனப் பெட்டி என்பதன் பெறுமதியை எந்த விடுதியின் விளம்பரத்திலும் போடமாட்டார்கள்.

சாப்பாட்டுக்கூடம் உள்ள விடுதியும் பரவாயில்லை. மூன்று வேளையும் முகம் தெரியும். ஆனால் மாட்டிறைச்சி சாப்பிடாத வீட்டிலிருந்து போகிற பிள்ளைக்கு உருளைக்கிழங்கு மசியலும் சலாதும் எத்தனை நாளுக்கு? சமைக்கத் தெரியாது என்பதற்காக இதைத் தேர்ந்தெடுப்பதைவிடப் போவதற்கு முன் உள்ள இரண்டு மாதத்தில் சொதியும் பருப்பும் வைக்கப் பழக்குவது மேல். சாமான்கள் அங்கேயே கிடைக்கும். பெட்டிக்குள் கறித்தூளோ கருவாடோ கொண்டுபோவதென்றால் மெல்பேர்ன் விமான நிலையத்தில் அறிவித்தாக வேண்டும். அவுஸ்திரேலியா இதில் மிகக் கண்டிப்பு; மறைத்துப் பிடிபட்டால் அபராதம்.

விடுதியின் குறையையும் மறைக்கப்போவதில்லை. முதல் வாரம் முழுக்கக் குடியும் கூத்தும். குடிக்காதவள் எங்கே போய் நிற்பது என்று தெரியாது. விடுமுறை வந்தால் இடமே பாலைவனம். அந்த ஈஸ்டருக்கு எங்கள் மாடியில் நானும் ஒரு சீனப் பெண்ணும் மட்டும் மிஞ்சினோம். நடைகூடத்து விளக்குகள் ஆள் நடந்தால் எரிந்து, ஆள் கடந்தால் அணைகிறவை. அறையிலிருந்து சமையலறைக்குப் போகும்போது முன்னால் ஒவ்வொன்றாக எரியும், பின்னால் ஒவ்வொன்றாக அணையும். இரண்டு இரவு பொறுத்தேன். மூன்றாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு ஹரோவுக்குப் போய்விட்டேன். சின்னம்மா கதவைத் திறந்தபோது நான் உண்மையாகவே சிரித்தேன். தினமும் இருந்தபோது சுமையாக இருந்த அதே வீடு, விருந்தாளியாகப் போனபோது அப்படி ஒரு இளைப்பாறலாக இருந்தது. இப்போது டார்னீட் பற்றி நான் சொல்வதெல்லாம் அந்த ஈஸ்டரிலிருந்து வருவது.

நான்கு பெண்கள், ஒரு வீடு

இரண்டாம் வருடம் லண்டனின் டூட்டிங்கில் நால்வர் சேர்ந்து வீடு எடுத்தோம். ஒருத்தி கொட்டாஞ்சேனை, ஒருத்தி மட்டக்களப்பு, ஒருத்தி லண்டனிலேயே பிறந்தவள், நான். வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி, மற்ற நாளில் சண்டை. சிரித்த அளவுக்கு நான் வேறெங்கும் சிரித்ததில்லை. அதே சமயம் அந்த வருடத்தில் என் ஆங்கிலம் பின்னோக்கிப் போனதும் உண்மை. விரிவுரை மண்டபத்துக்கு வெளியே அதை வாயில் வைக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. ஒருத்தி அழத் தொடங்கினால் நால்வரும் அழுதோம். ஆறுதலுக்குப் பதிலாகப் பெருக்கமே நடந்தது.

ஆனால் இந்த வீட்டுக்கு எதிராகப் பேசவரும்போதெல்லாம் 2009 குறுக்கே வந்து நிற்கிறது. அந்த வசந்தத்தில் எங்கள் வீட்டில் வானொலி அணைக்கப்படவே இல்லை. மட்டக்களப்புப் பெண்ணின் பெரியப்பா குடும்பம் வன்னியில். ஏப்ரலிலிருந்து நாடாளுமன்றச் சதுக்கத்தில் தமிழர்கள் கூடி நின்றார்கள். நாங்களும் வகுப்பு முடிந்து போய் நின்றோம். இரவில் திரும்பி வந்து ஒருவரும் ஒருவரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய தேவை இருக்கவில்லை. அந்த மாதங்களில் விடுதியில் இருந்திருந்தால், சமையலறையில் நின்ற ஏழு பேருக்கும் முதலில் நாட்டின் வரைபடத்திலிருந்து தொடங்கிச் சொல்லியிருக்க வேண்டும். சில துயரங்களுக்குச் சொந்தச் சனம் வேண்டும். இதற்குமேல் அதைப் பற்றி எழுத இது இடமில்லை.

எனினும் முதல் வருடத்துக்கு இது வேண்டாம் என்பேன். இரண்டாம் வருடத்துக்குத் தாராளமாக. காரணம், கூட்டு வீடு பழகியவர்களோடு எடுக்கவேண்டியது. டியூஷனில் பக்கத்தில் இருந்தவள் பாத்திரம் கழுவுவாளா என்பது டியூஷனில் தெரியாது. ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு. ஒருத்தி மனம் உடைந்து ஏப்ரலில் ஊருக்குத் திரும்பினால் அவளுடைய வாடகை மற்ற மூவர் தலையில். இன்னொன்று, கொழும்பில் இருந்துகொண்டு பார்க்காத வீட்டுக்கு முற்பணம் அனுப்புவது. படம் காட்டிப் பணம் வாங்கிக்கொண்டு மறைகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. மெல்பேர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் பிணைப்பணம் பொதுவாக ஒரு மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. அது வீட்டுக்காரரின் பையில் தங்காமல், அதற்கென உள்ள அரச அதிகார சபையிடம் வைப்பிலிடப்பட வேண்டும். டூட்டிங்கில் எங்கள் பிணைப்பணத்தில் பாதி, நாங்கள் போவதற்கு முன்பே இருந்த சுவர்க் கறைக்காகப் போயிற்று. வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான், பணத்தைத் திருப்பித் தருகிற நேரம் மட்டும் ஞாபகமறதி.

உள்ளூர்க் குடும்பத்தோடு தங்குவது பற்றியும் கேட்டார்கள். நான் இருந்து பார்த்ததில்லை, ஆகவே நீட்டவில்லை. எனக்குப் படுவது: மாமி வீட்டின் கட்டுப்பாடு இருக்கும், மாமியின் புட்டு இருக்காது. ஆங்கிலம் நன்றாக வரவேண்டும் என்றால் மூன்று மாதம் முயலலாம்.

போகாமல் இருந்தால்?

கொழும்பிலேயே ஒன்றிரண்டு வருடம் படித்துவிட்டு, மிச்சத்தை வெளிநாட்டில் முடிக்கிற வழியும் உண்டு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பாடநெறிகளைக் காலி வீதியோரத்திலேயே நடத்துகிறார்கள். பணத்தைப் பார்த்தால் இதற்கு மிஞ்சியது இல்லை. அம்மாவின் வாக்கு இதற்குத்தான். ஆனால் பிந்திப் போகிறவள் இன்னொரு கணக்கைச் சந்திக்க வேண்டும். அங்கே எல்லோரும் ஒரே நேரத்தில் புதியவர்களாக இருப்பது முதல் வருடத்தின் முதல் சில வாரங்களில்தான். அப்போது முன்பின் தெரியாதவரிடம் போய்ப் பேர் கேட்பது யாருக்கும் விசித்திரமாகத் தெரியாது. இறுதி வருடத்தில் போய் இறங்குகிறவளுக்கு அந்தச் சலுகை இல்லை. நண்பர் குழுக்கள் இறுகிப்போயிருக்கும், பாடச்சுமை தலைக்கு மேலே இருக்கும், ஊர் நினைவும் அதே மாதத்தில் வந்து சேரும். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் கீழ் வீட்டுப் பையன் அப்படிப் போய்ப் பட்டத்தோடு வந்தான்; ஒரு சினேகிதன்கூட இல்லாமல் வந்தான். அவனுக்கு அது போதும். எங்கள் பிள்ளை வாயாடி, அவளுக்குப் போதாது.

இதே காரணத்துக்காகத்தான் படிப்பைத் தொடங்கப் போவது பெப்ரவரியிலா ஜூலையிலா என்ற கேள்வியில் நான் பிடிவாதமாக நின்றேன். முகவர் ஜூலை என்றார். சீக்கிரம் போகலாம், ஆறு மாதம் மிச்சம் என்றார். ஜூலை அங்கே நடுக்குளிர்காலம். ஐந்தே கால், ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். வருடம் முழுக்க ஆறு மணிச் சூரியனோடு வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு அந்த இருட்டு என்ன செய்யும் என்பதைப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். லண்டன் டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டும்போது எனக்குத் தினமும் யாரோ செத்த வீட்டுக்குள் இருப்பது போல இருக்கும். மெல்பேர்ன் அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் குளிரிலும் இருட்டிலும், எல்லோரும் பெப்ரவரியிலேயே கூட்டுச் சேர்ந்துவிட்ட இடத்தில் தனியாகப் போய் இறங்குவதற்கும், கோடை வெயிலில் எல்லோரோடும் சேர்ந்து இறங்குவதற்கும் வித்தியாசம் பெரிது. பெப்ரவரிக்குக் காத்திருக்கும் மாதங்களில் சமையல் பழகலாம்.

தொலைபேசி பற்றியும் ஒரு சொல். மெல்பேர்ன் எங்களுக்கு நாலரை மணி நேரம் முன்னால். அங்கே கோடைகால நேரம் நடக்கும்போது, அதாவது ஒக்டோபரிலிருந்து ஏப்ரல் தொடக்கம்வரை, ஐந்தரை மணி நேரம். அக்கா வேலை முடிந்து வந்து, சமைத்து, ஆறுதலாக இருந்து கதைக்கும் இரவு ஒன்பது மணி, பெப்ரவரி மெல்பேர்னில் அதிகாலை இரண்டரை. பிள்ளை முழித்திருந்து கதைப்பாள். மறுநாள் வகுப்புக்குப் போகமாட்டாள். இதை இப்போதே பேசித் தீர்க்கச் சொன்னேன். அக்கா காலை ஆறரைக்குச் சாமிக்கு விளக்கேற்றும்போது அங்கே நண்பகல் பன்னிரண்டு. அந்தப் பத்து நிமிடம் போதும். தாய் தினமும் மாலையில் வீடியோவில் இருந்தால் பிள்ளை தினமும் மாலையில் வெள்ளவத்தையில்தான் இருப்பாள். அறைக்கு வெளியே ஏழு பேர் பாஸ்தா அவித்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியாது.

இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடும் தூக்கமும் கெட்டு, வகுப்பும் விட்டுப்போனால் அதை ஊர் நினைவு என்று சொல்லிக்கொண்டு காத்திருக்கக்கூடாது என்பதையும் அத்தானிடம் தனியாகச் சொன்னேன். பல்கலைக்கழகத்தின் உளவளத்துணைப் பிரிவுக்குப் போவது அங்கே ஒரு வெட்கமில்லை. அவசரத்துக்கு, லைஃப்லைன் என்ற தொலைபேசி உதவிச் சேவையின் 13 11 14 என்ற இலக்கத்தில் எந்த நேரமும் ஆள் இருக்கிறார்கள். அத்தான் அந்த இலக்கத்தைச் சட்டைப் பைக்குள் இருந்த பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதி வைத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியில் முடிவானது இது. பெப்ரவரி. வகுப்பு தொடங்குவதற்குப் பத்து நாள் முன்பே போய் மாமி வீட்டில் இறங்குவது; வங்கிக் கணக்கு, சிம் அட்டை, குளிர்ச்சட்டை எல்லாம் மாமியோடு. அறிமுக வாரம் தொடங்கும் முதல் நாளே விடுதிக்கு, பொதுச் சமையலறை உள்ள மலிவு அறைக்கு. ஸ்டூடியோவைப் பிள்ளை இரண்டு நாள் அழுது விட்டுக்கொடுத்தாள். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை டார்னீட்டுக்கு ரயில். டியூஷன் தோழிகளின் வீடு அடுத்த வருடத்துக்கு.

இதை மாமியிடம் சொல்லவேண்டிய பொறுப்பு அத்தானுக்கு. சொன்னார். மறுமுனையில் நீண்ட அமைதி. "உங்கள் விருப்பம் அண்ணா" என்று மட்டும் சொல்லி அழைப்பை முடித்துவிட்டார். ஒரு வாரம் குடும்பக் குழுவில் அவரிடமிருந்து ஒரு காலை வணக்கம்கூட இல்லை. அத்தான் என்னைப் பார்த்த பார்வையில், கெடுத்தது நீதான் என்று எழுதியிருந்தது.

எட்டாம் நாள் பிள்ளையின் கைபேசிக்கு நேரடியாக ஒரு குரற்பதிவு வந்தது. பின்னால் ஏதோ தாளிக்கிற சத்தம். "வெள்ளிக்கிழமை வகுப்பு எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டுச் சொல்லு பிள்ளை. ஸ்டேஷனில் கார் விட இடம் கிடைக்காது, நான் நேரத்துக்கு வர வேண்டும். கத்தரிக்காய் சாப்பிடுவாயா?"